பூனைச் சகுனமும் பூனைப் பாஷையும்

காரியமாக வெளியில் கிளம்புகின்ற ஒரு மனிதன், வாசற்படி இறங்கியதும் ஒரு பூனை குறுக்கே ஓடிவிட்டால், உடனே திரும்பி வீட்டிற்குள் போய், ஒரு வாய் தண்ணீர் குடித்து, சற்று நேரம் உட்கார்ந்துவிட்டுப் பிறகு புறப்படுகின்றான். அவனைப் பார்த்து, "ஐயா! அந்தப் பூனை உமக்கு என்ன சொல்லிற்று?" என்று கேட்டால், "இன்றைக்குப் போகிற காரியம் ஆகாது என்று சொல்லிற்று" என்கின்றான். அதே மனிதனின் வீட்டில் அதே பூனை இரண்டு நாளாய்ச் சோறு தின்னாமல், மூலையில் ஒடுங்கி, காதைப் பின்னுக்குச் சாய்த்துக் கிடந்து, "எனக்கு நோவு" என்பதை ஒரு வாயில்லாப் பிராணியால் எவ்வளவு தெளிவாய்ச் சொல்ல முடியுமோ அவ்வளவு தெளிவாய்ச் சொன்னாலும், அது மாத்திரம் அவன் காதில் விழுவதில்லை. பூனை சொல்லாததைக் கேட்கின்றான்; சொல்வதைக் கேட்பதில்லை. நமது நாட்டில் மனிதனுக்கும் பூனைக்கும் நடந்துவருகின்ற சம்பாஷணையின் லட்சணம் இதுதான்.

பூனை ஏன் குறுக்கே போகின்றது என்று யாராவது ஒரு நிமிஷம் யோசித்ததுண்டா? பூனைக்குத் தனக்கென்று ஒரு எல்லை உண்டு. அந்த எல்லையைச் சுற்றிப் பார்த்து வருவதும், வேறு பூனை வந்து போயிருக்கின்றதா என்று மோந்து பார்ப்பதும், எலி நடமாடும் இடத்தில் காத்திருப்பதும் அதன் அன்றாட ஜோலி. அந்த ஜோலியாய்ப் போகின்ற பூனைக்குக் குறுக்கே, கதவைத் திறந்துகொண்டு நாம்தான் வந்து நிற்கின்றோம். பூனைகளுக்குள்ளும் சாஸ்திரம் எழுதுகின்றவர்கள் இருந்தால், "மனிதன் குறுக்கே வந்தால் எலி அகப்படாது" என்று எழுதி வைத்திருப்பார்கள். அந்தச் சாஸ்திரத்துக்காவது கொஞ்சம் ஆதாரம் உண்டு. ஏனெனில், மனிதன் காலடிச் சத்தம் கேட்டால் எலி ஓடி ஒளிந்துகொள்வது பிரத்தியட்சம். நம்முடைய சாஸ்திரத்துக்கு அந்த ஆதாரமும் கிடையாது.

அன்றியும், சகுனம் உண்மையாயிருந்தால் அது எல்லா தேசத்துக்கும் ஒன்றாயிருக்க வேண்டாமா? நெருப்பு இங்கேயும் சுடுகின்றது, இங்கிலாந்திலும் சுடுகின்றது. ஆனால், கறுப்புப் பூனை குறுக்கே வந்தால் இங்கிலாந்தில் அதிர்ஷ்டம் என்கின்றார்கள்; கடலைத் தாண்டி ஐரோப்பாவின் மற்றப் பல பாகங்களுக்கும் அமெரிக்காவுக்கும் போனால் அதே கறுப்புப் பூனை துரதிர்ஷ்டம் என்கின்றார்கள். ஜப்பானில் முன்னங்காலைத் தூக்கி அழைக்கின்ற பூனைப் பொம்மையைக் கடையில் வைத்து, அது வியாபாரத்தைக் கூப்பிடும் என்கின்றார்கள். பழைய எகிப்து தேசத்தாரோ பூனைத் தலையோடு பாஸ்டெட் என்று ஒரு தேவியையே உண்டாக்கி வைத்திருந்தார்கள். வீட்டுப் பூனை செத்தால் அவ்வீட்டார் புருவத்தைச் சிரைத்துக்கொண்டு துக்கம் கொண்டாடினார்கள் என்று கிரேக்க நாட்டு ஹெரோடோடஸ் கி.மு. 5-ம் நூற்றாண்டில் எழுதியிருக்கின்றார். அதற்கு நேர்மாறாக, 1233-ம் வருஷத்தில் ரோமாபுரிப் போப்பு ஒன்பதாம் கிரிகோரி என்பவர், பிசாசை வணங்குகிறவர்களின் சடங்கில் கறுப்புப் பூனை வருவதாக ஒரு கடிதமே விடுத்தார். ஓரிடத்தில் தெய்வம், ஓரிடத்தில் பிசாசு, ஓரிடத்தில் லாபம், ஓரிடத்தில் நஷ்டம். இந்த நான்குக்கும் நடுவில் பூனை எங்கேயும் ஒரே பூனையாகவே இருந்து வந்திருக்கின்றது. ஆகவே வித்தியாசம் பூனையிடத்தில் இல்லை. பார்க்கின்றவன் புத்தியில்தான் இருக்கின்றது என்பதற்கு இதைவிட வேறு ருஜு என்ன வேண்டும்?

நிற்க. இவ்வளவும் சொல்லிவிட்டு நம்மைப் பற்றிய ஒரு உண்மையைச் சொல்லாமல் விட்டால் நாம் யோக்கியர்கள் ஆகமாட்டோம்.

சில வருஷங்களுக்கு முன் நமது வீட்டில் ஒரு ஆண் பூனை இருந்தது. ஒருநாள் இரவு அது கொல்லையில் மணல் குவித்திருந்த இடத்துக்குப் போவதும், குந்துவதும், ஒன்றும் ஆகாமல் எழுந்து வருவதும், மறுபடி போய்க் குந்துவதுமாயிருந்து, அடித்தொண்டையால் நீளமாய்க் கத்திக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டு ஆயா சுவருக்கு மேல் எட்டிப் பார்த்து, "தம்பி, ராத்திரியிலே பூனை அழுவது குடும்பத்துக்கு ஆகாது. முதலில் அதை வெளியே துரத்திவிடு" என்றார்கள். நமக்கு வந்தது ஆத்திரம். "ஆயா, பூனை அழுதால் குடும்பத்துக்கு என்ன? பூனைக்கும் நம் தலையெழுத்துக்கும் என்ன சம்பந்தம்? வேறு தேசத்தில் பூனை அழுவதில்லையா? அங்கே குடும்பம் நடக்கவில்லையா?" என்று மேடையில் பேசுவது போல் அரைமணி நேரம் பேசினோம். கடைசியில் ஆயா, "உன்னோடு பேசி ஜெயிக்க நம்மாலே ஆகாது, தம்பி" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்கள். ஜெயித்த சந்தோஷத்தோடு நாமும் படுத்துத் தூங்கினோம். பூனை கத்திக்கொண்டேயிருந்தது.

மறுநாள் காலையில் அது மெதுவாய் வந்து நமது மடியில் படுத்துக் குர்குர் என்று சத்தமிட்டது. குர்குர் என்றால் சுகம் என்றுதானே எல்லோரும் சொல்லுகின்றார்கள்? நாமும் அப்படியே எண்ணி வேலைக்குப் போய்விட்டோம். மாலையில் திரும்பி வந்து பார்த்தபோது வாந்தியெடுத்து ஒரு பக்கமாய்ச் சாய்ந்து கிடந்தது. கால்நடை வைத்தியரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம். அவர் வயிற்றைத் தொட்டுப் பார்த்ததும், "மூத்திரம் அடைபட்டு எத்தனை நாளாயிற்று?" என்று கேட்டார். ஆண் பூனைகளுக்கு மூத்திரம் போகும் வழி மிகவும் குறுகலானதென்றும், அதில் சிறு கல்லோ மணல் போன்ற பொடியோ சளியோ அடைத்துக்கொண்டால் வெளியே போகவேண்டிய விஷம் இரத்தத்திலேயே தங்கி, இரண்டு மூன்று நாளுக்குள் உயிர் போய்விடும் என்றும், அடிக்கடி போய்க் குந்துவதும் கத்துவதுமே அதற்கு அடையாளம் என்றும், அந்த அடையாளம் கண்ட அன்றே கொண்டுவந்திருந்தால் குழாய் விட்டு அடைப்பை எடுத்துப் பெரும்பாலும் பிழைக்க வைத்திருக்கலாம் என்றும் சொன்னார். அன்றிரவே அது இறந்துபோயிற்று.

ஆயா அந்தச் சத்தத்தில் சகுனத்தைக் கேட்டார்கள். நாம் அதே சத்தத்தில் பிரசங்கம் செய்ய ஒரு சந்தர்ப்பத்தைக் கேட்டோம். பூனையைக் கேட்டவர் ஒருவருமில்லை. இன்னும் உண்மையைச் சொன்னால், ஏதோ கெடுதல் நடக்கின்றது என்பதையாவது ஆயா உணர்ந்தார்கள். பகுத்தறிவுக்காரரென்று பேர் வைத்துக்கொண்டிருந்த நாம் அதையும் உணரவில்லை. ஆகவே, சகுனம் பொய் என்று சொல்லிவிட்டால் மாத்திரம் பகுத்தறிவு வந்துவிட்டதாக ஆகாது. அது பாதி வேலைதான். பொய்யைத் தள்ளிவிட்ட இடத்தில் கண்ணையும் காதையும் கொண்டுவந்து வைப்பதுதான் மீதிப் பாதி என்பதை ஒரு பூனையின் உயிரைக் கொடுத்து நாம் கற்றுக்கொள்ள வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகுதான் பூனை என்ன பேசுகின்றது என்று தேடிப் படிக்க ஆரம்பித்தோம். படித்ததையும் பார்த்ததையும் வாசகர்களுக்குச் சொல்லுகின்றோம்.

மிருகங்களின் உணர்ச்சியைக் கடவுள் செயல் என்றும் பூர்வஜன்ம வாசனை என்றும் சொல்லிக்கொண்டிராமல், உட்கார்ந்து பார்த்து எழுதினவர் சார்லஸ் டார்வின். 1872-ல் அவர் வெளியிட்ட, மனிதரும் மிருகங்களும் உணர்ச்சிகளை வெளிக்காட்டுவதைப் பற்றிய புஸ்தகத்தில், நாயைக் கண்டு பயந்த பூனை எப்படி நிற்கும், பிரியமாயிருக்கின்ற பூனை எப்படி நிற்கும் என்று படம் போட்டே காட்டியிருக்கின்றார். பயந்த பூனை முதுகை வில்லாய் வளைத்து, மயிரைச் சிலிர்த்துக்கொண்டு நிற்கின்றது. இது பேய் புகுந்ததல்ல. எதிரியின் கண்ணுக்குத் தான் பெரிதாய்த் தோன்றவேண்டும் என்பதற்காகவே. பிரியமான பூனையோ வாலை நெட்டுக்குத்தாய் நிமிர்த்திக்கொண்டு காலில் வந்து உரசுகின்றது.

வால் நிமிர்த்துவது பூனைகளுக்குள் ஒரு கும்பிடு என்றே சொல்லலாம். இங்கிலாந்தில் ஆராய்ச்சிக்காரர்கள் பூனை உருவத்தைக் கறுப்பாய் வெட்டி வைத்துப் பரீட்சித்துப் பார்த்தார்கள். வால் நிமிர்ந்த உருவத்தைக் கண்ட பூனைகள் தாமும் வாலை நிமிர்த்திக்கொண்டு கிட்டே போயின. வால் தாழ்ந்த உருவத்திடம் அந்த மரியாதை இல்லை. அதே வாலைப் பூனை இப்படியும் அப்படியுமாய் அடித்தால் எரிச்சலென்று அர்த்தம். நாய் வாலாட்டினால் சந்தோஷம் என்பதைக் கண்டு, பூனைக்கும் அதுவே என்று எண்ணிப் பிள்ளைகள் கையை நீட்டிக் கீறல் வாங்கிக்கொள்கின்றார்கள். பிறகு பூனை துரோகி என்று பட்டம் கொடுக்கின்றோம். அது முன்கூட்டியே நோட்டீஸ் கொடுத்தது. நமக்குத்தான் வாசிக்கத் தெரியவில்லை.

காதும் அப்படியே. முன்னுக்கு நிமிர்ந்த காது கவனம். பக்கவாட்டில் சாய்ந்த காது சந்தேகம். தலையோடு ஒட்டிய காது பயமோ கோபமோ. கண்மணி விரிவது இருட்டினாலும் இருக்கலாம், பயத்தினாலும் இருக்கலாம், விளையாட்டு உற்சாகத்தினாலும் இருக்கலாம். ஆதலால் ஒரு அங்கத்தை மாத்திரம் பார்த்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. வால், காது, கண், முதுகு, நிற்கின்ற இடம் யாவற்றையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். மல்லாந்து வயிற்றைக் காட்டினால் "உன்னிடம் எனக்குப் பயமில்லை" என்று அர்த்தமாகலாம். "வயிற்றைத் தடவு" என்று அர்த்தமல்ல. வேறு சமயம், நாலு கால் நகத்தையும் உபயோகிக்கச் சண்டையில் எடுத்துக்கொள்ளும் நிலையும் அதுவேதான்.

இனிச் சத்தத்தைக் கவனிப்போம். 1944-ல் மில்ட்ரெட் மோயெல்க் என்கின்ற அம்மையார் அமெரிக்க மனோதத்துவப் பத்திரிகை ஒன்றில் வீட்டுப் பூனையின் சத்தங்களை 16 வகையாய்ப் பிரித்துக் காட்டினார். வாயை மூடிக்கொண்டு இடும் சத்தம், வாயைத் திறந்து மூடி இடும் சத்தம், வாயைத் திறந்தபடியே இறுக்கி இடும் சத்தம் என்று மூன்று வகுப்பு. குர்குர் என்பதும், தாய்ப் பூனை குட்டியை அழைக்கும் மெல்லிய முணுமுணுப்பும் முதல் வகுப்பு. மியாவ் என்பது இரண்டாவது. சீறலும் உறுமலும் நீண்ட அலறலும் மூன்றாவது. இராத்திரியில் குழந்தை அழுவது போல் கேட்கின்றதென்று நாம் பயந்து திருநீறு பூசிக்கொள்ளும் சத்தம் இந்த மூன்றாவது வகுப்புத்தான். அது பெரும்பாலும் பருவம் வந்த பெண் பூனை ஆணை அழைப்பதும், அதற்காக இரண்டு ஆண் பூனைகள் மல்லுக்கு நிற்பதுமேயொழிய, இறந்துபோன யாரும் வந்து அழுவதல்ல. சில சமயம் அது நோயாகவும் இருக்கலாம் என்பதை மேலே சொன்னோம்.

மியாவ் என்கின்ற சத்தத்தில்தான் விசேஷம் இருக்கின்றது. குட்டிகள் தாயைக் கூப்பிட அப்படிக் கத்துகின்றன. வளர்ந்த பூனைகள் ஒன்றோடொன்று அப்படிப் பேசிக்கொள்வது மிக அபூர்வம். ஆனால் மனிதனோடு வசிக்கின்ற பூனை சாகும்வரை மனிதனைப் பார்த்து மியாவ் என்கின்றது. பூனைகள் தமக்குள் வாடையாலும் வாலாலும் முகத்தாலும் பேசிக்கொள்ளும். மனிதனுக்கு மூக்கும் மந்தம், கவனமும் மந்தம். ஆகவே இந்த மந்தபுத்திக்காரனுக்குச் சத்தம் போட்டுச் சொன்னால்தான் தெரியும் என்று அது கண்டுபிடித்துக்கொண்டது போலும்! சைப்ரஸ் தீவில் சுமார் 9,500 வருஷங்களுக்கு முந்திய ஒரு குழியில் மனிதனும் அவன் பக்கத்தில் பூனையும் புதைக்கப்பட்டிருந்ததை 2004-ல் வெளியிட்டார்கள். அவ்வளவு காலம் கூடவே இருந்த பிராணி நமக்கென்று ஒரு பேச்சை வைத்துக்கொண்டிருக்கின்றது. நாமோ அதற்குச் சகுனப் பட்டியலில் ஓரிடம் கொடுத்திருக்கின்றோம்.

குர்குர் என்கின்ற சத்தத்திலும் ஒன்றுக்கு மேல் உண்டு. காரென் மக்கோம்ப் என்கின்ற அம்மையாரும் அவருடைய தோழர்களும் இங்கிலாந்தில் சசெக்ஸ் சர்வகலாசாலையில் ஆராய்ந்து 2009-ல் வெளியிட்டதாவது: பசித்துச் சோறு கேட்கும்போது சில பூனைகள் இடும் குர்குரில், குழந்தை அழுகையைப் போன்ற ஒரு உயர்ந்த தொனி உள்ளே கலந்திருக்கின்றது. பூனையே வளர்க்காதவர்கள் காதுக்குங்கூட அது அவசரமாய்ப்படுகின்றது. அந்தத் தொனியை நீக்கிவிட்டுக் கேட்கச் செய்தால் அவ்வளவு அவசரம் தெரிவதில்லை. இன்னும் முக்கியமானது, நோவிலும் பயத்திலும்கூடப் பூனை குர்குர் என்னும். நமது மடியில் அன்று படுத்திருந்த பூனை அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தது.

பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகம் இருண்டுவிடுமா என்று ஒரு பழமொழி சொல்லுகின்றோம். கண்ணை மூடியிருக்கின்ற பூனையை ருத்திராட்சப் பூனை என்று வேஷக்காரனுக்கு உவமை சொல்லுகின்றோம். வேஷம் போடுகிறவன் மனிதன். உவமைக்குப் பழி பூனைக்கு! உண்மை என்னவென்றால், பூனை உங்களைப் பார்த்துக் கண்ணைப் பாதி மூடி, மெதுவாய்ச் சிமிட்டினால் அது சிநேகத்தின் அடையாளம். அதே சசெக்ஸ் சர்வகலாசாலையார் 2020-ல் வெளியிட்ட பரீட்சையில், வளர்ப்பவர் மெதுவாய்க் கண் சிமிட்டினால் பூனையும் திருப்பிச் சிமிட்டுவதும், முன்பின் தெரியாதவர் அப்படிச் செய்தாலும் பூனை அவர் கைக்குக் கிட்ட வருவதும் தெரியவந்தது. வாசகர்கள் இன்று மாலையே தம் வீட்டில் செய்து பார்க்கலாம். நாம் சொல்லுகின்றோம் என்பதற்காக நம்பவேண்டியதில்லை. அந்தச் சௌகரியம் சகுன சாஸ்திரத்தில் கிடையாது.

பூனைக்கு மனிதன்மேல் கவனமே கிடையாது என்பதும் பொய். ஜப்பானில் அட்சுகோ சைட்டோ அம்மையாரும் மற்றவர்களும் செய்த பரீட்சையில், பூனைகள் தம்மை வளர்ப்பவரின் குரலைப் பிறர் குரலினின்று பிரித்தறிவதாக 2013-லும், தம் பேரை அதைப்போன்ற மற்ற வார்த்தைகளினின்று பிரித்தறிவதாக 2019-லும் வெளியிட்டார்கள். பூனை நம் குரலைக் கற்றுக்கொண்டிருக்கின்றது. அதன் குரலை நாம் எவ்வளவு கற்றோம்?

இங்கே ஒரு எச்சரிக்கையும் செய்யவேண்டும். பூனையின் சத்தத்தைக் கைப்பேசிக்குக் காட்டினால் அது மனித பாஷையில் அர்த்தம் சொல்லிவிடும் என்று இப்பொழுது சில கருவிகள் வந்திருக்கின்றன. கருவி புதிதாயிருப்பதாலேயே அது சொல்வது விஞ்ஞானமாகிவிடாது. கைப்பேசியில் ஜோசியமும்தான் வருகின்றது. 2003-ல் அமெரிக்காவில், பூனை எந்தச் சமயத்தில் கத்தியது என்பதைச் சத்தத்தை மாத்திரம் கேட்டுச் சொல்லும்படி ஜனங்களைப் பரீட்சித்தபோது, குருட்டாம்போக்காய்ச் சொல்வதைவிடக் கொஞ்சமே அதிகமாய்ச் சரியாகச் சொன்னார்கள். பூனையோடு பழகினவர்கள் மற்றவர்களைவிடச் சற்றுத் தேவலை. ஆகவே, மியாவ் என்பதற்கு அகராதி கிடையாது. ஒவ்வொரு பூனையும் தன் வீட்டாரோடு பழகிப் பழகி ஒரு பேச்சை ஏற்படுத்திக்கொள்கின்றது. கதவண்டை கத்துகின்றதா, தட்டண்டை கத்துகின்றதா, மணலண்டை கத்துகின்றதா என்று பக்கத்திலிருந்து பார்க்கின்றவனுக்கே அது விளங்கும்.

கடைசியாக ஒன்று. சகுனப் பட்டியலை எடுத்துப் பாருங்கள். பூனை, விறகுக்கட்டு, எண்ணெய்க்குடம், இவைகளோடு புருஷனை இழந்த ஸ்திரீயையும் ஒரே வரிசையில் வைத்திருக்கின்றார்கள். கைம்பெண் எதிரே வந்தால் அவள் எங்கே போகிறாள், ஏன் போகிறாள், சாப்பிட்டாளா என்று கேட்பவன் இல்லை. அவள் வருவதற்குத் தன் காரியத்தைப் பற்றி ஒரு அர்த்தம் கற்பித்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்கின்றான். பூனைக்குச் செய்வதும் அதுவே. எதிரே நிற்கின்ற ஒரு ஜீவனுக்குத் தன்னுடைய பசியும் நோவும் பயமும் பிரியமும் உண்டென்பதை மறந்து, உலகமெல்லாம் தனக்குச் சேதி சொல்லவே நடமாடுகின்றது என்று எண்ணுகின்ற ஆணவத்துக்குத்தான் சகுனம் என்று பேர்.

ஆகையால் தோழர்களே, நாம் கேட்டுக்கொள்வது அதிகமில்லை. பூனை குறுக்கே போனால் நீங்கள் உங்கள் காரியத்தைப் பார்த்துக்கொண்டு போங்கள். அது தன் காரியத்தைப் பார்த்துக்கொண்டு போகட்டும். ஆனால் உங்கள் வீட்டுப் பூனை சோறு தின்னாவிட்டால், ஒளிந்துகொண்டால், தொட்டால் சீறினால், மணலில் போய்ப்போய்க் குந்திக் கத்தினால், அன்றைக்கு மாத்திரம் நில்லுங்கள். திரும்பி வீட்டிற்குள் போங்கள். தண்ணீர் குடிப்பதற்கல்ல, அதைத் தூக்கிக்கொண்டு வைத்தியரிடம் போவதற்கு. பூனைக்காகக் காரியத்தை நிறுத்தவேண்டிய நாள் ஒன்று உண்டென்றால் அது அந்த நாள்தான். அந்த நாளை நாம் ஒருமுறை வாதம் பேசிக் கழித்துவிட்டோம். வாசகர்களாவது அப்படிக் கழிக்காமலிருக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதலானோம்.